பக்கவாதம் வந்த அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ்: வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் ஏற்பாடு செய்வது எப்படி?

பாளை_குமரன் | திங்கள், இரவு 10.40

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. ஓய்வு பெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டையில் அம்மாவோடு இருக்கிறார். மூளையில் இடது பக்கம் அடைப்பு என்றார்கள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு இல்லை. நாம் சொல்வது பாதி புரிகிறது போலத் தெரிகிறது. சாப்பாடு கொடுக்க மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப், சிறுநீருக்கு ஒரு டியூப். ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இனி மருந்தும் பிசியோவும்தான், வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார் டாக்டர்.

எனக்குச் சென்னையில் வேலை. அம்மாவுக்கு 66, இரண்டு முட்டியும் தேய்மானம். தங்கை தென்காசியில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள், கைக்குழந்தை உண்டு. "பெற்ற பிள்ளை இருக்கும்போது வெளியாள் எதற்கு, அவள் கொஞ்ச நாள் வேலையை விட்டுட்டு வரட்டும்" என்று வார்டு வாசலிலேயே சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு ஏஜென்சியிடம் பேசினேன். ஒருவர் 24 மணி நேர நர்ஸ் மாதம் 38,000 என்கிறார். இன்னொருவர் அட்டெண்டர் 24,000 என்கிறார். என்ன வித்தியாசம் என்று கேட்டால் இரண்டு பேருமே "எல்லாம் பார்த்துக்குவாங்க சார்" என்கிறார்கள். யாரை வைப்பது? ஆண் ஆளா, பெண்ணா? என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தலை சுற்றுகிறது.


கோவை_சரளா | திங்கள், இரவு 11.15

என் மாமனாருக்கும் இதே வலப்பக்கம்தான். வீட்டில் வைத்துத்தான் பார்த்தோம்.

ஏஜென்சிக்குப் போன் போடுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒரு தாளை எடுத்து, காலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் காலை ஐந்து மணி வரை அப்பாவுக்கு என்னென்ன நடக்க வேண்டும் என்று மணிவாரியாக எழுதுங்கள். டியூபில் சாப்பாடு, மாத்திரை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது. டயப்பர் மாற்றுவது. வாய் சுத்தம் செய்வது. உடம்பு துடைப்பது. யூரின் பையைக் காலி செய்வது. பிசியோ சொன்ன பயிற்சி. பிபி பார்ப்பது.

எழுதி முடித்ததும் உங்களுக்கே தெரியும், இதில் நர்ஸ்தான் செய்ய வேண்டும் என்கிற வேலை மிகக் குறைவு. ரைல்ஸ் டியூப் மாற்றுவது, கத்தீட்டர் என்கிற சிறுநீர் டியூப் மாற்றுவது, ஊசி இருந்தால் ஊசி, படுக்கைப்புண் வந்துவிட்டால் டிரெஸ்ஸிங். அதற்குத் தேவைப்படும் நாளில் ஒரு நர்ஸ் வந்துபோனால் போதும். மற்றதெல்லாம் அட்டெண்டர் வேலை. தொண்டையில் துளை போட்டு டிரக்கியாஸ்டமி வைத்திருந்தாலோ சளியை மெஷினால் உறிஞ்சி எடுக்கிற சக்ஷன் அடிக்கடி தேவைப்பட்டாலோ கதை வேறு. அப்போது நர்ஸ் இல்லாமல் வீட்டுக்கு வரவே வேண்டாம்.

38,000 கேட்கிறவரிடம் வரப்போகிறவருடைய படிப்பு என்ன, நர்சிங் கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். அதோடு பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவரெல்லாம் நர்ஸ் இல்லை.

அப்பா எடை எவ்வளவு? 70 கிலோவுக்கு மேல் என்றால் ஆண் ஆள்தான் சரி. கிடைப்பது கஷ்டம், சம்பளமும் மூன்று நாலாயிரம் கூட இருக்கும். அதற்கும் மேலாக, டயப்பர் மாற்றப் பெண் வந்தால் பல அப்பாக்கள் கூசிப்போய்விடுவார்கள். பேச முடியாதவர் "வேண்டாம்" என்று சொல்லவும் முடியாது, கையைத் தட்டிவிடுவார். அதைப் பார்த்து "முரண்டு பிடிக்கிறார்" என்பார்கள்.


இயன்முறை_ரவி | செவ்வாய், காலை 6.50

வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் நான். சரளா அக்கா சொன்ன பட்டியல் மிகச் சரி. அதில் என் பங்கு.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் வார்டிலேயே வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று பில், மருந்து, ஆம்புலன்ஸ் என்று ஓடுவதில் யாரும் எதையும் சொல்லித்தர மாட்டார்கள். இன்றே டியூட்டி நர்ஸிடம், "டியூபில் நான் கொடுக்கிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வைக்கப்போகிற ஆளையும் முடிந்தால் வியாழக்கிழமையே வார்டுக்கு வரச் சொல்லுங்கள். ஒரு நாள் சம்பளம் கூடுதலாகப் போகும், போகட்டும்.

தோள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, அக்குளில் கை கொடுத்துத் தூக்கக்கூடாது. தசை தளர்ந்து கிடப்பதால் தோள் மூட்டு குழியிலிருந்து கீழே இறங்கித்தான் நிற்கும். இழுத்தால் வலி ஆரம்பிக்கும், அது மாதக்கணக்கில் போகாது. வலி வந்தபிறகு பயிற்சி என்று போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கைக்குக் கீழே எப்போதும் ஒரு தலையணை இருக்கட்டும். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது இப்படி. உங்கள் அப்பாவுக்கு இடது பக்கம் நல்ல பக்கம். அந்தப் பக்கம் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். சக்கரம் உள்ளது என்றால் பிரேக் போடுங்கள். அவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படியட்டும். முன்னால் நின்று உங்கள் முட்டியால் அவருடைய வலது முட்டிக்கு முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் அது மடங்கிவிடும். இடுப்பில் பெல்ட் இல்லை என்றால் ஒரு துண்டை இறுக்கிக் கட்டி அதைப் பிடியுங்கள். இப்போது அவரை முன்னால் குனிய வையுங்கள், அவர் மூக்கு அவருடைய கால் விரலுக்கு நேரே வருகிற அளவுக்கு. அந்தக் குனிவு வந்தால் இடுப்பு தானாகக் கிளம்பும், நீங்கள் தூக்கவே வேண்டியிருக்காது. எழுந்ததும் நல்ல பக்கமாகத் திருப்பி உட்கார வையுங்கள். முதல் சில தடவை இரண்டு பேர் இல்லாமல் செய்ய வேண்டாம். அம்மா இந்த வேலைக்கு வரவே கூடாது.

மீட்சி வேகமாக இருப்பது முதல் மூன்று மாதம். ஆறு மாதம் வரையும் நல்ல மாற்றம் வரும், அப்புறமும் நின்றுவிடாது, மெதுவாகும். பிசியோ வந்து முக்கால் மணி நேரம் செய்துவிட்டுப் போவான். மீதி நேரமெல்லாம் அப்பா படுத்தே கிடந்தால் பயனில்லை. சாப்பிடும் நேரமெல்லாம் உட்கார வைப்பது, நல்ல கையால் முகம் துடைக்கச் சொல்வது, சட்டைப் பொத்தானை அவரையே முயற்சி செய்ய விடுவது, இதெல்லாமே பயிற்சிதான். அட்டெண்டருக்கு இதையும் சொல்லி வையுங்கள். "அவரே செய்தால் நேரமாகும், நானே செஞ்சிடுறேன்" என்பவர் நல்ல மனிதர்தான், ஆனால் உங்கள் அப்பாவைப் படுக்கையிலேயே வைத்துவிடுவார்.


பாளை_குமரன் | செவ்வாய், காலை 9.05

ரொம்ப நன்றி. அப்பா எடை 74. ஆண் ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். கட்டில், ஏர் பெட் எல்லாம் விலைக்கு வாங்குவதா?


கோவை_சரளா | செவ்வாய், காலை 9.30

வாடகைக்கு எடுங்கள். தலைப்பக்கம் தூக்குகிற ஃபவுலர் கட்டில், மோட்டார் வைத்து மாறி மாறிக் காற்று ஏறுகிற ஏர் பெட், இரண்டுமே சர்ஜிக்கல் கடைகளில் மாத வாடகைக்குக் கிடைக்கும். ஏர் பெட் இருக்கிறது என்று புரட்டிப் போடுவதை விட்டுவிடாதீர்கள், புண் வரத்தான் செய்யும். குதிகாலையும் பின் இடுப்பையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அமுக்கி எடுத்தும் சிவப்பு மாறவில்லை என்றால் புண்ணுக்கு முதல் படி. கெண்டைக்கால் கீழே தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தொங்கவிடுங்கள்.

சொந்தமாக வாங்க வேண்டியது கமோட் சேர், பிபி மெஷின், டியூபில் கொடுக்கப் பெரிய சிரிஞ்ச், படுக்கை நனையாமல் விரிக்கிற அண்டர்பேட், டயப்பர். டயப்பரை மொத்தமாக வாங்க வேண்டாம், சைஸ் சரியா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வீல்சேர் அவசரமில்லை. பாளையில் பழைய வீடு என்றால் நிலைப்படி இருக்கும், பாத்ரூம் கதவு குறுகலாக இருக்கும். டேப் எடுத்து அளந்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

கட்டிலை ஹாலில் போடுங்கள். பின்னறையில் போட்டால் வசதி உங்களுக்கு, தண்டனை அவருக்கு.


ஐடி_பாஸ்கர் | செவ்வாய், பகல் 1.20

ப்ரோ, ரொம்ப யோசிக்காதீங்க. ஏஜென்சியில் ஆதார் நகல் வாங்கிக்கொண்டு ஹாலில் ஒரு கேமரா மாட்டிவிடுங்கள். நான் பெங்களூரிலிருந்து பாட்டியை அப்படித்தான் பார்த்துக்கொள்கிறேன்.


தேனி_செல்வி | செவ்வாய், இரவு 9.45

நான் பல வருடமாக இந்த வேலை செய்கிறவள். வாதம் வந்தவர்கள்தான் எனக்கு அதிகம். எல்லாரும் ஆள் வைப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஆளாகப் போகிறவள் ஒன்று சொல்கிறேன்.

நீங்கள் ஏஜென்சிக்கு 24,000 கொடுத்தால் என் கைக்கு 16,000 வரும். சில இடத்தில் அதுவும் வராது. ஆளுக்கு எவ்வளவு போகிறது என்று ஏஜென்சியிடம் நேராகவே கேளுங்கள். மாதக் கடைசியில் சம்பளம் தள்ளிப்போனால் ஆள் சொல்லாமல் கிளம்பிவிடும். நீங்கள் "ஓடிப்போச்சு" என்பீர்கள்.

24 மணி நேர ஆள் என்றால் 24 மணி நேரம் விழித்திருக்கிற ஆள் இல்லை. ராத்திரி பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று புரட்டிப் போட்டுவிட்டுப் பகலில் முழு வேலையும் பார் என்றால் ஒரு வாரம்கூட தாங்காது. பன்னிரண்டு மணிக்கு வீட்டு ஆள் ஒருவர் புரட்டிவிடுங்கள், இல்லை மதியம் எனக்கு இரண்டு மணி நேரம் தூங்கக் கொடுங்கள். படுக்க இடம், குளிக்கத் தனியாக வாளி, சாப்பாடு வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிற நேரத்தில். ஆடம்பரமாக எதுவும் கேட்கவில்லை. மாதத்தில் லீவு எத்தனை நாள், பொங்கல் தீபாவளிக்கு யார் வருவார்கள் என்பதையும் சேரும் அன்றே பேசிவிடுங்கள். பேஷண்ட் வேலைக்கு வந்தவளை வீட்டுப் பாத்திரம் முழுக்கத் தேய்க்கச் சொல்லாதீர்கள். அவர் பாத்திரம், அவர் துணி நாங்கள் பார்ப்போம்.

கேமரா வைக்கலாம், எனக்கும் பாதுகாப்புதான், நாளைக்கு ஒரு மோதிரம் காணோம் என்றால் பேச்சு என்மேல் வராது. ஆனால் வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வையுங்கள். அந்த ஐயாவுக்கு உடம்பு துடைக்கிற நேரத்தில் அணைத்துவிடுங்கள். வாய் பேச முடியாதவர் என்பதற்காக அவரை அம்மணமாகப் படம் பிடிக்கலாமா?


கோவை_சரளா | செவ்வாய், இரவு 10.10

செல்வி சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தள்ள முடியாது.

பாஸ்கர் தம்பி, கேமரா என்பது முதல் வாரம் பார்ப்பது. அப்புறம் மீட்டிங் இருக்கும், பார்க்க மாட்டீர்கள். அதைவிட ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மணி, டியூபில் எத்தனை மில்லி, பையில் எத்தனை மில்லி யூரின், பிபி, எந்தப் பக்கம் படுக்க வைத்தது, வெளிக்குப் போனாரா. அட்டெண்டர் எழுத வேண்டும், வீட்டு ஆள் ஒருவர் தினமும் படிக்க வேண்டும். யூரின் குறைகிறது, கலங்கலாக இருக்கிறது, மூன்று நாளாக மலம் இல்லை என்பதெல்லாம் கேமராவில் தெரியாது. கை உதவிக்குத்தான் ஆள் வைக்கிறோம், கண் நம்முடையதாக இருக்க வேண்டும்.


மருமகள்_நான் | புதன், காலை 7.30

குமரன், நீங்கள் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறேன். தங்கை வேலையை விட வேண்டும் என்று வார்டு வாசலில் பேசிய ஒருவராவது, "குமரா, நீ ஏன் வேலையை விடவில்லை" என்று கேட்டாரா?

என் வீட்டில் நான்தான் வேலையை விட்டேன். மாமியார் போய்ச் சேர்ந்து, மறுபடி வேலை தேடிப் போனால் இடைவெளி ஏன் என்கிறார்கள். 24,000 கொடுப்பதற்குப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். ஒரு பெண்ணின் சம்பளமும் பி.எஃப்பும் சர்வீஸும் போவதை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதே இல்லை.

தங்கையிடம் வேறு கேளுங்கள். தென்காசியிலிருந்து பாளைக்கு வருவது பெரிய தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தால் அம்மா கோயிலுக்குப் போய் வரட்டும், தூங்கட்டும். டாக்டரிடம் பேசுவது, ரிவ்யூவுக்குத் தேதி வாங்குவது, மருந்து தீருமுன் வாங்கிவைப்பது ஆகியவற்றை நீங்கள் சென்னையிலிருந்தே செய்யலாம். அதற்குப் பெண்பிள்ளை தேவையில்லை.


பாளை_குமரன் | புதன், காலை 8.10

நீங்கள் கேட்டது சரிதான். ஒருவரும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்க மேனேஜரிடம் இன்று பேசுகிறேன். முதல் இரண்டு மாதமாவது பாளையிலிருந்து பார்க்க முடியுமா என்று. தங்கையிடம் வேலையை விட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.


காரைக்குடி_சுப்பு | புதன், பகல் 12.00

எங்கள் சித்தப்பாவுக்கு வாதம் வந்தபோது ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள். புறா ரத்தம் தேய்த்து, எண்ணெய்க் கட்டு போட்டு, இரண்டே மாதத்தில் நடந்தார். இங்கிலீஷ் மருந்தை நிறுத்தியபிறகுதான் குணமே தெரிந்தது. முயற்சி செய்து பாருங்கள்.


இயன்முறை_ரவி | புதன், பகல் 2.40

சுப்பு சார், சித்தப்பா நடந்தது சந்தோஷம். முதல் மூன்று மாதத்தில் மீட்சி வேகமாக இருக்கும் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அந்த நேரத்தில் எதைத் தேய்த்தாலும் பேர் அதற்குத்தான் போகும். பாவம் புறா.

எண்ணெய் தேய்ப்பதில் எனக்குச் சண்டை இல்லை. இதமான சூட்டில், மெதுவாக, தோளை இழுக்காமல், சொடக்கெடுக்காமல் என்றால் சரி. உணர்ச்சி இல்லாத கையில் ஒத்தடச் சூடு தெரியாது, வெந்துபோகும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. அடைப்பு வந்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, பிபிக்கு ஒன்று இரண்டு கொடுத்திருப்பார்கள். அது கையைத் தூக்க வைக்கிற மருந்து இல்லை, அடுத்த அட்டாக் வராமல் இருக்கிற மருந்து. கை தூக்கவில்லை என்பதற்காக அதை நிறுத்துவது நியாயமா? ரத்தக்கசிவால் வந்த வாதத்துக்கு மருந்து வேறு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்தும் வாங்கக்கூடாது.

வாய் கோணல், புதிதாக ஒரு கை தளர்வது, குழறல், நினைவு மங்குவது என்று ஏதாவது திடீரென்று வந்தால் உடனே 108. அடைப்பைக் கரைக்கிற ஊசி, அறிகுறி ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள்தான். எல்லாருக்கும் அது போட முடியாது, ஆனால் விடியட்டும் என்று காத்திருந்தால் யாருக்கும் போட முடியாது.

இன்னொன்று. காசு கொடுத்துத் தினமும் பிசியோ வைக்க முடியாதவர்கள் இதைப் படித்தால்: 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை மட்டுமல்ல, வீட்டுக்கே வந்து பிசியோ செய்வதும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். 104க்கு அடித்தும் கேட்கலாம். தினமும் வர மாட்டார்கள். வந்து சொல்லிக்கொடுப்பதை நீங்கள் தினமும் செய்தால் போதும்.


பென்ஷன்_கணக்கு | வியாழன், காலை 10.15

குமரன் தம்பி, அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர் என்கிறீர்கள், பென்ஷன் கணக்கு அவர் பெயரில் மட்டுமா? வலது கை விழுந்துவிட்டால் கையெழுத்து வராது, செக் செல்லாது. ஏடிஎம் அட்டையில் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?

நான் வங்கியில் இருந்தவன். இதற்கு வழி இருக்கிறது. கணக்குக்காரர் நோயால் கையெழுத்துப் போட முடியாமலும் வங்கிக்கு வர முடியாமலும் இருந்தால் விரல் ரேகை வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிதான். கிளை மேலாளருக்கு டாக்டர் சான்றோடு ஒரு கடிதம் கொடுங்கள், வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்ய வேண்டும் என்றும் விதி உண்டு. கவுண்டரில் "அப்படியெல்லாம் இல்லை சார்" என்றால் மேலாளரிடம் போங்கள்.

வாழ்வுச் சான்றுக்கும் அவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கு வந்து டிஜிட்டலில் பதிவு செய்துவிடுவார், சின்னக் கட்டணம்தான்.

மெடிக்ளெய்ம் இருக்கிறதா? டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் அல்லது 90 நாள் வரை மருந்து, பரிசோதனைச் செலவைப் பல பாலிசிகள் தரும். டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் பிசியோவும் அதில் வரலாம். அட்டெண்டர் சம்பளம் பொதுவாக வராது. எல்லாவற்றுக்கும் பில் வாங்கி ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

சில மாதம் கழித்தும் ஊனம் நிலைத்துவிட்டால் மாற்றுத்திறனாளி சான்றுக்கும், யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால்தான் பெரும்பாலான சலுகை. இப்போதே ஓட வேண்டாம், மீட்சி நடந்துகொண்டிருக்கும்போது திரும்ப வரச் சொல்லிவிடுவார்கள்.


மருமகள்_நான் | வியாழன், காலை 11.00

பேச்சு பற்றி யாரும் எழுதவில்லையே. மாமியாருக்கும் பேச்சு போனது. எங்கள் பெயர் ஒன்றும் வராது, "தண்ணி" வராது. ஆனால் கந்தர் சஷ்டி கவசத்தை ஆரம்பித்துவிட்டால் நாலைந்து வரி கூடவே சொல்வார். திட்டுவதும் வரும், அதுவும் அட்சரம் பிசகாமல். பக்கத்து வீட்டு அத்தை "நடிக்கிறாங்க" என்றே முடிவு கட்டிவிட்டார். ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னார், பழகித் தேய்ந்த பாட்டு, ஜபம், எண்ணிக்கை, வசவு எல்லாம் யோசித்துப் பேசுகிற பேச்சு வருகிற வழியில் வருவதில்லையாம். அதனால் பலருக்கு அது மட்டும் தப்பிவிடுமாம்.

அப்பா ஆசிரியர். குழந்தையிடம் பேசுவது போல் அவரிடம் பேச விடாதீர்கள், யாரையும். ஆமாம் இல்லை என்று பதில் வருகிற மாதிரி ஒன்று ஒன்றாகக் கேளுங்கள். டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள், நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவோம். காரணமே இல்லாமல் அழுவார், சில நேரம் சிரிப்பார். அதுவும் நோயின் பகுதி. சாப்பிடாமல், எதிலும் பட்டுக்கொள்ளாமல் வாரக்கணக்கில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள், வாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு சகஜம், அதற்கு மருந்து இருக்கிறது.


பாளை_குமரன் | ஞாயிறு, காலை 6.20

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆள் கிடைத்தார், சங்கரன்கோவில் பக்கம், முப்பது வயதுப் பையன். வியாழக்கிழமையே வார்டுக்கு வரவழைத்தோம், நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார்கள். நோட்டு ஓடுகிறது. வீட்டிலிருந்து வேலைக்கு ஆறு வாரம் அனுமதி கிடைத்திருக்கிறது.

இரண்டு பிரச்சினை. நேற்று இரவு அப்பா இடது கையால் ரைல்ஸ் டியூபைப் பாதி உருவிவிட்டார். பையன் பார்த்துக் கூப்பிட்டான். திரும்ப உள்ளே தள்ளிவிடலாமா என்று கேட்டான், நான் வேண்டாம் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். காலை ஆகாரம் இன்னும் கொடுக்கவில்லை.

இரண்டாவது, அம்மா. "மூன்று வாரமா நாக்கில் ஒன்றும் படலை, காபி வாசனை வந்ததும் பார்க்கிறார்" என்று நேற்றுச் சாயங்காலம் எனக்குத் தெரியாமல் ஸ்பூனில் காபி கொடுத்திருக்கிறார்கள். விழுங்கினார் என்கிறார்கள். அப்புறம் இருமினார். குரல் கரகரவென்று ஈரமாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை.


கோவை_சரளா | ஞாயிறு, காலை 6.35

தள்ளாதீர்கள், நிறுத்தியது சரி. பாதி வந்த டியூப் நுனி இப்போது எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே தள்ளினால் மூச்சுக்குழாயில் போகலாம். அதில் எதையும் ஊற்றவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் செய்த இடத்துக்குப் போன் செய்து இன்றைக்கே புது டியூப் போடக் கூட்டிப்போங்கள், அல்லது நர்ஸ் வருவாரா என்று கேளுங்கள். போட்டபிறகு மூக்கு விளிம்பில் டியூபில் உள்ள அடையாளக் கோட்டைப் பார்த்து எண்ணை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு தடவை கொடுக்கும் முன்பும் அந்த எண் மாறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், பாதி வில்லங்கம் முன்கூட்டியே தெரிந்துவிடும். சுகர் மருந்து எடுப்பவர் என்றால் போனிலேயே அதையும் சொல்லுங்கள், வெறும் வயிற்றோடு சுகர் இறங்கிவிடும்.


பாளை_குமரன் | ஞாயிறு, காலை 6.40

சுகர் இல்லை, பிபி மட்டும்தான். எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் என்ன சொல்வது?


தேனி_செல்வி | ஞாயிறு, காலை 7.25

அம்மாவைத் திட்டாதீர்கள் தம்பி. எல்லா வீட்டிலும் அம்மாக்கள் இதைச் செய்வார்கள், சிலர் சொல்லிவிடுவார்கள், சிலர் மறைப்பார்கள். சொன்னாரே, அது நல்லது.

ஆஸ்பத்திரியில் காபி கொடுத்ததையும், ஈரக் குரலையும் மறக்காமல் சொல்லுங்கள், நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்ப்பார்கள். தண்ணீர், காபி, பால் எல்லாம் சட்டென்று ஓடுகிற சாமான். விழுங்குகிற சதை மெதுவாக வேலை செய்கிறவருக்கு அதுதான் முதலில் நுரையீரலுக்குப் போகும். சிலருக்கு இருமல்கூட வராது, சத்தமில்லாமல் போய்விடும். ரெண்டு நாளில் காய்ச்சல், சளி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே திரும்பக் கூட்டிப்போங்கள்.

விழுங்கும் பரிசோதனை எப்போது என்று இன்றைக்கே கேளுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட்தான் அதையும் பார்ப்பார். அவர் சரி என்று சொன்னபிறகு நான் கொடுக்கிற விதம் இது. நேராக உட்கார வைப்பேன், சாய்த்து இல்லை. கஞ்சியோ மசித்த இட்லியோ கெட்டியாக, டீ ஸ்பூனில் பாதி. நாக்கில் நல்ல பக்கமாக வைப்பேன். தாடையை நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் இறக்கச் சொல்வேன். தொண்டைமுடிச்சு ஏறி இறங்குவதை என் கண்ணால் பார்த்தபிறகுதான் அடுத்த ஸ்பூன். முடிந்ததும் விழுந்த பக்கத்துக் கடைவாயில் விரல் விட்டுப் பார்ப்பேன், அங்கே சோறு ஒட்டிக்கொண்டிருக்கும், அவருக்குத் தெரியாது. அப்புறம் அரை மணி நேரம் படுக்க விடமாட்டேன். டியூபில் கொடுத்தாலும் இதே கணக்குத்தான், தலைப்பக்கம் தூக்கியே இருக்க வேண்டும்.

அதுவரைக்கும் அம்மாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். சுத்தமான துணியை விரலில் சுற்றி லேசாக நனைத்து, நன்றாகப் பிழிந்து, காலையும் ராத்திரியும் பல், ஈறு, நாக்கு எல்லாம் துடைத்துவிடட்டும். டியூபில் சாப்பிடுகிறவருக்கு வாயில்தான் அழுக்குச் சேரும், அந்த எச்சில் உள்ளே போய்த்தான் பாதிச் சளி. உதடு காயாமல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவட்டும். அம்மா கையால் அவர் வாய்க்கு ஒன்று நடக்கிறது என்றால் காபி டம்ளரைத் தேட மாட்டார்.

டியூபைப் பிடுங்குகிற கையைக் கட்டிப்போட வேண்டாம். டியூபைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டுக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்விடச் சொல்லுங்கள், கண் எதிரே தொங்கினால் இழுக்கத்தான் செய்வார். ராத்திரியில் கையில் மெத்தென்ற உறை போடலாம், காலையில் கழற்றிவிடுங்கள். அந்தக் கை ஒன்றுதான் அவருக்கு இருக்கிறது.